ஆடாமல் நின்றவள்

மூத்தவன் லவன் வெளிநாட்டிலிருந்து தகப்பனுக்கு ஒரு ஃபோன் அனுப்பினான். அன்றோடு என் நிம்மதி போயிற்று. தங்கை ராகவிக்குக் கலியாணம் வருகிறது, அப்பா நல்ல படங்களாக எடுத்து அனுப்பட்டும் என்று நினைத்திருப்பான். அவனுக்கென்ன, அனுப்பிவிட்டு அங்கே போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். நாரந்தனையில் அகப்பட்டுக்கொண்டவள் நான்தானே.

என் மனிதர் கணநாதன் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். பகலில் எடுக்கும் படங்களை அவர் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. "வெயிலுக்குள்ள ஆரும் எடுப்பினம். மைமலுக்குள்ள எடுக்கிறதுதான் படம்" என்பார். மைமல் என்கிற அந்திக் கருக்கலில், மங்கிய வெளிச்சத்தில் ஃபோனால் எப்படிப் படம் எடுப்பது என்று யாரோ சொல்லித்தரும் வீடியோக்களைச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சாத்தி வைத்துக்கொண்டு சாப்பிடுவார். என்ன கறி சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் தெரியாது.

கற்றதையெல்லாம் எனக்கும் ஓதுவார். முதலில் ஃபோனின் கண்ணைத் துடைக்க வேண்டுமாம். அதற்கு என் நல்ல சீலைத் தலைப்புத்தான் அவருக்கு வாய்க்கும். ப்ளாஷ் போடக்கூடாது, போட்டால் முகத்தில் சுண்ணாம்பு பூசினதுபோல வரும். இரண்டு முழங்கையையும் எதிலாவது ஊன்ற வேண்டும். தூரத்தில் இருப்பதை விரலால் கிட்ட இழுக்கக்கூடாது. "கிட்ட வேணுமெண்டால் நடந்து போகவேணும், பத்மா. அதுதான் முதல் சட்டம்" என்பார்.

நைற் மோட் என்று ஒன்று. அதைப் போட்டால் ஃபோன் சில செக்கன் கண்ணைத் திறந்தபடியே இருக்கும். ஒழுக்குக்குக் கீழே சட்டி வைத்துத் தண்ணீர் சேர்ப்பதுபோல, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தைச் சேர்த்தெடுக்குமாம். அந்த நேரத்தில் எதிரில் இருப்பவர் மூச்சும் விடக்கூடாது. குசினியில் விளக்கைக் கொளுத்தி, என்னை அதன் முன்னால் நிறுத்தி, "ஆடாதையும், ஆடாதையும்" என்று என் உயிரை வாங்குவார். அடுப்பில் பால் பொங்கினால் நான் திரும்பாமல் என்ன செய்வது? படத்தில் எனக்கு மூன்று கை. பட்டியில் கட்டிய பசுவுக்கு இரண்டு தலை. "பார்த்தீரே, ஆடினபடியால் வந்த வினை" என்று என்னையும் பசுவையும் ஒன்றாக வைத்துப் பேசுவார். பசுவுக்குப் பொறுமை இருந்தது. எனக்கு இல்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதை ஒன்றும் எங்கள் வீட்டில் இருந்தது. அது அவருடைய தங்கை பவதாரணி.

பவா எழுவைதீவுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனவள். அங்கே போக ஊர்காவற்றுறையிலிருந்து படகு ஒன்றுதான் வழி. படகு ஓடிய அலோசியசையே கலியாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதன், ஆனால் கிறிஸ்தவ வேதக்காரன், கடல் வேலை. என் மாமனார் கடைசிவரை அவளோடு கதைக்கவில்லை. அவர் செத்தவீட்டுக்குப் பவா கைக்குழந்தை டிலோனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் முடிந்து, சனம் கலைகிற நேரத்தில் இந்த மனிதர் அவளை வெளிவாசல் படலைவரை கொண்டுபோய் விட்டுச் சொன்னார். "நான் கூப்பிடாமல் இந்தப் படலைக்குள்ள இனிக் கால் வைக்காதை."

அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் காத்தாள். இறங்குதுறையிலோ பஸ் தரிப்பிலோ காணும்போது என்னிடம் மெல்ல "சுகமே மச்சாள்" என்று கேட்பாள். இவர் அப்போது கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடலில் அப்படி என்ன இருக்கிறதோ.

டிலோன் வளர்ந்து, கலியாணமும் கட்டிவிட்டான். இவரும் வயதோடு இளகித்தான் போயிருந்தார். ஆனால் இளகினதை வெளியே காட்ட மாட்டார், அது ஏதோ மானக்கேடு என்கிற மாதிரி. ராகவியின் எழுத்துக்கு, அதுதான் கலியாணப் பதிவுக்கு, நாள் வைத்தபோது, பவாவுக்கும் ஒரு கார்ட் எழுதினார். எழுதியதை என்னிடம் காட்டாமல், அந்தப் பக்கம் சாமான் கொண்டுபோகும் நாகமுத்து அண்ணையிடம் கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் கார்ட் என்பது ஒப்புக்குத்தான். வீட்டுக்குப் போய், கதிரையில் இருந்து, வாயால் சொல்ல வேண்டும். சொந்தச் சகோதரத்துக்குக் கார்ட் அனுப்புவது அனுப்பாததைவிடக் கேவலம்.

"நேரில போய்ச் சொல்லுங்கோ. ஒரு போட் எடுத்தால் காணும்" என்றேன்.

"கார்ட் அனுப்பினதே பெரிசு."

"கூப்பிடாமல் கால் வைக்காதை எண்டு சொன்னது உங்கட வாய். உங்கட வாயால கூப்பிட்டால்தான் அவள் வருவாள். கார்ட்டுக்கு வாய் இருக்கே?"

குரலைத் தாழ்த்திச் சொன்னார். "படலைவரைக்கும் வரட்டும் பத்மா. வந்து நிண்டாளெண்டால் போதும். நானே இறங்கிப் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவன். அப்பாவும் இல்லை, ஆரும் இல்லை, அவள்தானே எனக்கு மிச்சம்."

அந்த மனிதருடைய வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அதனால்தான் மேலே சண்டை பிடிக்காமல் விட்டுவிட்டேன். பிடித்திருக்க வேண்டும்.

எழுத்து பின்னேரம் வீட்டில் நடந்தது. தாலிகட்டு அடுத்த கிழமை கோயிலில். முற்றம் முழுக்கப் பந்தல். படலையின் இரண்டு பக்கமும் குலைவாழை கட்டி, தோரணம் போட்டு, பக்கத்து வீட்டுச் சீதேவியின் மகளையும் இன்னொரு பெட்டையையும் பன்னீர்ச்செம்போடும் சந்தனத் தட்டத்தோடும் நிறுத்தியிருந்தோம். இவர் பட்டு வேட்டியோடு அங்கும் இங்கும் நடந்தார். வந்தவர்களை வரவேற்பதுபோல இருந்தாலும், கண் ஒவ்வொரு முறையும் அவர்களைத் தாண்டி, தெருவுக்குப் போகிற ஒழுங்கையில் போய் விழுந்ததை நான் பார்த்தேன். பின்னேரப் படகு வருகிற நேரமும் கடந்தது. பவா வரவில்லை. முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார்.

"அலோசியஸிட்டைச் சொந்த போட் இருக்குது. வேலை முடிச்சுக் கூட்டிக்கொண்டு வருவார்" என்றேன்.

"வாறவை வருவினம்" என்றார்.

மாப்பிள்ளை நிரோஜனும் ராகவியும் கையெழுத்து வைத்து முடிந்து, பலகாரம் பரிமாறத் தொடங்கிய நேரத்தில் கரண்ட் போனது. மைமல் நேரம். பந்தலுக்குள் ஒரேயடியாகக் கறுத்துவிட்டது. சனம் ஃபோன்களில் இருந்த ரோச்சை அடித்தது. பெண்பிள்ளைகள் குத்துவிளக்கு இரண்டையும் முன்னுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். லாந்தர்களும் ஒன்றிரண்டு வந்தன.

மற்றத் தகப்பன்மார் என்றால் ஜெனரேற்றருக்கு ஓடியிருப்பார்கள். இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு காலமும் பசுவிலும் என்னிலும் பழகினதெல்லாம் இந்த நேரத்துக்குத்தான் என்று நினைத்தாரோ என்னவோ. வாசற்படியில் ஏறி நின்று, தூணில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சத்தம் வைத்தார்.

"உந்த ரோச்சுகள் எல்லாத்தையும் நூருங்கோ. விளக்கு வெளிச்சம் மட்டும் காணும். படலையில நிக்கிற பிள்ளையளும் உள்ளுக்கு வாங்கோ. ஆரும் ஆடாதேங்கோ, அப்பிடியே நில்லுங்கோ."

ரோச்சுகள் அணைந்தன. பன்னீர்ச்செம்புக்காரிகள் படத்தில் விழ வேண்டும் என்று ஓடி வந்தார்கள். நான் அவருக்குப் பக்கத்தில், ஒரு படி கீழே நின்றேன். எங்கள் முகத்தில் விளக்கு வெளிச்சம் அடித்தது. பந்தலுக்கு அப்பால், படலையும் குலைவாழையும் வேப்பமரமும் ஒரே கறுப்பு. சத்தியமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவர் ஃபோனை நீட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினார். சில செக்கன். பிறகு படத்தைப் பார்த்தார். வாசிக்கிற கண்ணாடி அலுமாரிக்குள். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் அவருக்கு விளக்கும் மகளும் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். "வடிவா வந்திருக்குது" என்று தனக்குத் தானே சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போனார், ஃபோனைச் சார்ஜில் போட.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. பெட்டைகள் மறுபடி படலைக்குப் போனார்கள். அங்கே ஒருவரும் இல்லை.

சனம் போனபிறகு இவர் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார். "படலைவரைக்கும் கூட வரேல்லைப் பாத்தீரே." அதற்குப் பிறகு வீட்டில் பவாவின் பெயரை எடுக்கக்கூடாது. தாலிகட்டுக்கு நான் போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, எழுந்து வெளியே போய்விட்டார். தாலிகட்டும் நடந்தது, பிள்ளையும் புருசன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த விளக்குப் படத்தைத்தான் சொந்தக்காரருடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஓரங்களை வெட்டி, நடுவில் ராகவியும் நிரோஜனும் விளக்கும் மட்டும் இருக்கும்படி. உலகமெல்லாம் இருந்து பாராட்டு. கமராக்காரன் தோற்றுப்போவான் என்று ஒருவர். கணநாதன் அண்ணையின் கை பொன் கை என்று இன்னொருவர். இவர் ஒவ்வொன்றையும் எனக்கு வாசித்துக் காட்டினார். நானும் வடிவு வடிவு என்று சொல்லித் தொலைத்தேன்.

ராகவி அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டாள். ஊர்காவற்றுறையில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் சர்வேஸ்வரன், வெட்டின படத்தைப் பெரிதாக்கினால் உடைந்துபோகும், முழுப்படத்தைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார். இவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். நான்தான் ஃபோனை எடுத்துத் தேடினேன்.

முழுப்படம் கிடைத்தது. உண்மையைச் சொன்னால், முதலில் என்னைத்தான் தேடினேன். படியில் இவர் பக்கத்தில் நின்ற நான் எப்படிப் படத்தில் வருவேன் என்கிற புத்தி அப்போது இல்லை. இரண்டு விரலால் விரித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பாதிப்பேர் ஆடியிருந்தார்கள். ராகவியின் கை புகையாக இருந்தது. பலகாரத் தட்டோடு நின்ற ஒருத்தருக்குத் தலையே இல்லை. ஒவ்வொருவராகத் தள்ளித் தள்ளிப் போக, படம் பின்னுக்கு நகர்ந்து படலையடிக்கு வந்துவிட்டது.

குலைவாழைக்குப் பக்கத்தில், படலைக்கு வெளியே, பவா நின்றாள்.

நீலச்சீலை கட்டியிருந்தாள். தலையில் பூ. கையில் ஒரு பை. நேராக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் படம் முழுவதிலும் துளியும் ஆடாத ஆள் அவள் ஒருத்திதான். கண்ணும், நெற்றியும், வாயோரத்தில் சிரிப்பு வரப்போகிற கோடும் அப்படியே கண்ணாடியில் பார்க்கிறதுபோலத் தெரிந்தது. ஃபோனைக் கட்டிலில் போட்டுவிட்டு நானும் இருந்துவிட்டேன்.

அவரிடம் காட்டாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் வரவில்லை என்ற கோபத்தோடு ஒரு மனிதர் வாழ்ந்துவிடலாம். வந்து நின்றவளை விட்டுவிட்டேன் என்று தெரிந்தால் எப்படி வாழ்வார்? ஆனால் பவாவை நினைத்தேன். ஈரத்தலையோடு வந்தவரிடம் கண்ணாடியையும் கொடுத்து ஃபோனையும் கொடுத்தேன்.

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நான் அழுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"வந்திருக்கிறாள் பாரும். பத்மா, வந்திருக்கிறாள். நான் சொன்னனான்தானே, வருவாள் எண்டு."

"வந்தவள் திரும்பிப் போட்டாள். அதைப் பாருங்கோ."

"எனக்குத் தெரியேல்லை எண்டு சொன்னால் விளங்கும்தானே. அவள் என்ர தங்கச்சி. படம் இருக்குது, காட்டுவம். நாளைக்கே போவம்."

சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். நேரே சர்வேஸ்வரனிடம் போனார். ராகவிக்கு ஒன்று, பவாவுக்கு ஒன்று. பவாவுக்குக் கொடுக்கும் படத்தில் படலையடி நன்றாகத் தெரிய வேண்டும் என்று, பக்கத்தில் நின்றே சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தக் கறுப்பை எடுத்துவிடும். இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்கும். முகம் பளிச்செண்டு தெரியவேணும்." சர்வேஸ்வரன் கெட்டிக்காரன். கேட்டதைவிடக் கூடவே செய்து கொடுத்தார். சட்டம் போட்டு, கடுதாசி சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகில் ஏறினார் இவர். நான் பலகாரப் பையைப் பிடித்துக்கொண்டு போனேன். எனக்கும் சந்தோசம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

எழுவைதீவில் இறங்கினால் எல்லாம் நடைதூரம். பவாவின் வீடு கோயிலுக்குப் பின்னால், வலை காயப்போட்ட வளவு. பவா முற்றத்தில் நின்றாள். எங்களைக் கண்டதும் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு படலைக்கு வந்தாள். இவர் படலைக்கு வெளியே நின்றுவிட்டார்.

"வாங்கோ அண்ணை. வாங்கோ மச்சாள். உள்ளுக்கு வாங்கோ" என்றாள். ஒரு கணமும் தாமதிக்கவில்லை.

கதிரை இழுத்துப் போட்டாள். தேத்தண்ணி தந்தாள். அலோசியஸ் கடலுக்குப் போயிருந்தார். ராகவியின் சுகம், லவனின் சுகம் எல்லாம் கேட்டாள். நன்றாகத்தான் கதைத்தாள். ஆனால் இடைக்கிடை வருகிற விருந்தாட்களோடு கதைப்பதுபோலக் கதைத்தாள்.

இவருக்குப் பொறுக்கவில்லை. கடுதாசியைப் பிரித்துப் படத்தை அவள் மடியில் வைத்தார்.

"பவா, நீ வந்தனி எண்டு எனக்கு இப்பதான் தெரியும். இந்தப் படத்தைப் பாத்துத்தான் தெரியும்."

அவள் படத்தை நீண்ட நேரம் பார்த்தாள். முதலில் ராகவியை. பிறகு படலையடியைப் பார்த்தாள். விரலால் தன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வடிவா விழுந்திருக்கிறன்" என்றாள்.

"எனக்குத் தெரியாமப் போச்சுதடி."

"அண்ணை" என்றாள், கோபம் ஒன்றும் இல்லாமல். "டிலோன்ர அப்பா என்னை ஒழுங்கை முடக்கில இறக்கிவிட்டுட்டுப் போனவர். நான் படலைக்கு வந்தால் ஒருத்தரும் இல்லை. உள்ளுக்கு வரலாமோ எண்டு தெரியேல்லை. நீங்கள் கூப்பிட்டால் வருவம் எண்டு நிண்டனான். நீங்கள் படியில நிண்டியள், வெளிச்சத்துக்குள்ள. என்னை நேரப் பாத்து ஃபோனைப் பிடிச்சியள். ஆடாதேங்கோ எண்டு சொன்னியள். அண்ணை என்னைத்தான் படம் எடுக்கிறார் எண்டு நினைச்சு எனக்கு எப்பிடி இருந்தது தெரியுமே. மூச்சும் விடாமல் நிண்டனான். எடுத்து முடிச்சியள். படத்தைப் பாத்தியள். பாத்திட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளுக்குப் போனியள்."

இவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அதுக்குப் பிறகு அங்கை நிண்டு என்ன செய்யிறது? வந்த வழியே திரும்பிப் போட்டன்."

"நான் காணேல்லை பவா. சத்தியமாக் காணேல்லை. அங்கை ஒரே இருட்டு."

பவா மடியில் கிடந்த படத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். படலையடி பகல்போல இருந்தது. வாழைக்குலையில் காய் எண்ணலாம். அவளுடைய நீலச்சீலையின் கரை தெரிந்தது. கண்ணுக்குள் இருந்த ஒளிப்பொட்டும் தெரிந்தது.

"எங்கை அண்ணை இருட்டு?"

"அது ஃபோன். ஃபோன் அப்பிடிச் செய்யும். வெளிச்சத்தைச் சேர்த்தெடுக்கும். ஸ்ரூடியோவிலயும் நான் சொல்லி இன்னும்..." என்று தொடங்கியவர், தான் சொல்லப்போவது தனக்கே கேட்டு, நிறுத்திவிட்டார்.

நான் குறுக்கிட்டேன். "பவா, நானும் அவருக்குப் பக்கத்தில நிண்டனான். எனக்கும் தெரியேல்லை. கண்ணுக்கு ஒண்டுமே தெரியேல்லை."

அவள் என் கையைத் தொட்டாள். "நீங்கள் அவரின்ர மனுசி. வேற என்னத்தைச் சொல்லுவியள் மச்சாள்."

எனக்குக் கோபம் வந்தது. அவளோடு இல்லை. எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லையே என்றுதான். அவளுடைய இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

இவர் கதிரையைவிட்டு எழுந்துவிட்டார். ஃபோனை எடுத்து, கதவைப் பார்த்து, யன்னலைப் பார்த்தார். "இப்ப உனக்குக் காட்டுறன். இந்த அறையைச் சாத்திப்போட்டு எடுத்தால்..." யன்னலை இழுத்துச் சாத்தினார். தகரக்கூரையின் ஓட்டைகளாலும் கதவு நீக்கலாலும் வெயில் ஊசி ஊசியாக உள்ளே இறங்கியது. எல்லாம் தெரிந்தது. அவர் அந்த அரைவெளிச்சத்துக்குள் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இருட்ட வேணும்" என்றார். "மைமல் வரைக்கும் இருந்தால் காட்டலாம். நீ அந்தப் படலையில போய் நில்லு பவா, நான் இஞ்சை நிண்டு எடுக்கிறன். கண்ணுக்குத் தெரியாதது எப்பிடி இதில தெரியுது எண்டு நீயே பாப்பாய். ஒருக்கா நிண்டால் காணும்."

பவா யன்னலைத் திறந்துவிட்டாள்.

"ஒருக்கா நிண்டது காணும் அண்ணை" என்றாள். "பின்னேரப் போட்டுக்கு நேரமாகுது. அதை விட்டால் இண்டைக்கு வேற இல்லை."

நில்லுங்கள், இங்கேயே தங்கிவிட்டு நாளைக்குப் போங்கள் என்று அவள் சொல்ல வேண்டும் என்று நான் காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். அவள் படத்தை அதே கடுதாசியில், அதே மடிப்பில் சுற்றி, என் கையில் தந்தாள்.

"ராகவிக்குக் குடுங்கோ மச்சாள். பிள்ளை வடிவா இருக்கிறாள்."

வாசலில் செருப்பைப் போடும்போது, கேட்கக்கூடாததை நான் கேட்டுவிட்டேன். "அண்டைக்குக் கையில ஒரு பை வைச்சிருந்தனீர்."

"அது ராகவிக்கு எடுத்த சீலை. பிறகு இஞ்சை ஒரு கலியாணவீட்டுக்குக் குடுத்திட்டன்."

படலைவரை வந்தாள். வாங்கோ என்று கூப்பிட்டவள், போட்டு வாங்கோ என்றும் முறையாகச் சொன்னாள். ஒரு குறையும் வைக்கவில்லை. இறங்குதுறைக்கு வரவில்லை.

படகில் அந்தச் சட்டம் போட்ட படம் என் மடியில் கனத்தது. பாதிக் கடல் கடந்தபிறகு அவர் சொன்னார்.

"வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சு அடிப்பிச்சிருக்கலாம். பிழை விட்டுட்டன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் படத்தையும் ஃபோனையும் சேர்த்துக் கடலில் எறிந்திருப்பேன். திரும்பிப் பார்த்தால், வேட்டித் தலைப்பால் ஃபோனின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க அதன்மேல் அவருடைய கண்ணீர்தான் விழுந்தது. ஃபோனைக் கையிலிருந்து வாங்கி என் பைக்குள் போட்டேன்.

"நீர் நம்புறீர்தானே பத்மா? நான் காணேல்லை எண்டு?"

"ஓம்" என்றேன். "நான் நம்புறன்."

உண்மையாகத்தான் நம்புகிறேன். நான் நம்பி என்ன செய்ய? கிட்ட வேண்டுமென்றால் நடந்து போக வேண்டும், அதுதான் முதல் சட்டம் என்று எனக்கே எத்தனை தரம் ஓதியவர். கார்ட் எழுதிய அன்றைக்கு ஒரு படகு ஏறியிருக்கலாம். அதுவும் வேண்டாம், அந்தப் பின்னேரம் படியைவிட்டு இறங்கிப் படலைவரை நடந்திருந்தால் போதும். அதை அவருக்குச் சொல்லிக்காட்ட என் நாக்கு நுனிவரை வந்தது. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது, அதனால் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.